குறைந்த செலவில் துல்லியப் பண்ணையம்: செட்டிநாட்டுச் செம்மண்ணில் எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் தோட்டத்து மோட்டார் ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் தண்ணீர் எடுக்கிறது? மோட்டார் எத்தனை குதிரைத்திறன், போர் எத்தனை அடி, குழாய் எத்தனை இஞ்ச் என்று கேட்டால் எல்லோரும் பட்டென்று சொல்லிவிடுவார்கள். லிட்டர் கணக்கு கேட்டால்தான் யோசிப்பார்கள். அந்த ஒரு எண் தெரியாமல் செல்போனில் ஈரப்பதம் காட்டும் கருவியை வாங்கி நட்டு வைப்பதில் பயன் கிடையாது. மண் காய்ந்திருக்கிறது என்று கருவி சொல்லும். எவ்வளவு நேரம் மோட்டார் போடுவது என்பதை யார் சொல்வது?

துல்லியப் பண்ணையம் என்பது நிலத்தில் எங்கே, எப்போது, எவ்வளவு என்று அளந்து கொடுப்பது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இது புதிதுமல்ல. 2004-05ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 ஹெக்டேரில் துல்லியப் பண்ணையத் திட்டத்தைத் தொடங்கியபோது டிரோனும் இல்லை, செல்போன் செயலியும் இல்லை. சொட்டு நீர், அதன் வழியே கரையும் உரம், குழித்தட்டு நாற்று, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து விற்பது என்றுதான் அது நடந்தது.

சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திரும்பிவந்து, பள்ளத்தூர், புதுவயல், கல்லல், தேவகோட்டைப் பக்கம் பாட்டன் விட்டுப்போன ஒன்றிரண்டு ஏக்கரில் கை வைக்கிறவர்களையும், ஏற்கெனவே விவசாயம் பார்த்துக்கொண்டு புதுக் கருவிகளை யோசிக்கிறவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வழி முழுக்க ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த அளவு தெரிந்தால் நாளைக்கு நான் வேறு மாதிரி என்ன செய்வேன்? பதில் இல்லையென்றால் அந்தக் கருவிக்கு இப்போது பணம் போடாதீர்கள்.

முதல் வேலை: ஒரு நோட்டு, ஒரு இரும்புக் கம்பி

வட்டிக் கணக்குக்குப் பேரேடும், வருஷ முடிவில் ஐந்தொகையும் எழுதிப் பழகிய ஊர் இது. வயலுக்கு மட்டும் கணக்கு வாய்வழியாகவே ஓடுகிறது. 80 பக்க நோட்டு ஒன்றைத் தோட்டத்திலேயே வைத்துவிடுங்கள். தேதி, எந்தப் பாத்தி, மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், மழை எத்தனை மி.மீ., போட்ட உரம், அடித்த மருந்து, ஆள் கூலி, எடுத்த காய். இதை எழுதுகிற ஆள் நீங்களாக இருக்க வேண்டியதில்லை. தோட்டம் பார்ப்பவர் எழுதினால் இன்னும் நல்லது. அவருக்கு எழுத வராது என்றால் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போடச் சொல்லுங்கள், இரவில் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம் நிலத்தைப் படம் வரையுங்கள். செல்போனில் நிலம் அளக்கும் இலவசச் செயலியைத் திறந்துகொண்டு வரப்போடு சுற்றி நடந்தால் பரப்பு சென்ட் கணக்கில் தோராயமாக வந்துவிடும். எல்லைத் தகராறுக்கு இது செல்லாது, உரக் கணக்குக்குப் போதும். அந்தப் படத்தில் மேடு, பள்ளம், சரளை அதிகமுள்ள இடம், சீமைக்கருவேலம் பிடுங்கிய இடம், மழை விட்ட பிறகும் தண்ணீர் நிற்கும் மூலை எல்லாவற்றையும் குறியுங்கள். நம் பக்கத்துச் செம்மண் ஒரே வயலுக்குள்ளேயே மாறும். ஒரு முனையில் ஓரளவு ஆழமான செம்மண் இருக்கும்; ஐம்பது அடி தள்ளிப் போனால் முக்கால் அடியில் செம்புறாங்கல் இடிக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீரும் உரமும் கொடுப்பதில்தான் காசு வீணாகிறது.

ஆழத்தைப் பார்க்க மூன்றடி நீளக் கம்பி ஒன்று போதும். 8 அல்லது 10 மி.மீ. கனமுள்ள கட்டுமானக் கம்பியின் ஒரு முனையைச் சற்றுக் கூராக்கி, மறுமுனையைக் கைப்பிடியாக வளைத்துக்கொள்ளுங்கள். நல்ல மழை பெய்த மறுநாள் வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் அழுத்திப் பாருங்கள். ஈர மண்ணில் சுலபமாக இறங்கும்; காய்ந்த மண்ணிலோ கல்லிலோ நின்றுவிடும். எந்த இடத்தில் எத்தனை அங்குலம் இறங்கியது என்று படத்தில் எழுதுங்கள். கடையில் பல ஆயிரத்துக்கு விற்கும் சென்சார் நட வேண்டிய இடத்தைக்கூட இந்தக் கம்பிதான் சொல்லும்.

மண்ணையும் தண்ணீரையும் சோதிப்பது

மண் பரிசோதனைக்குச் சித்திரை, வைகாசி நல்ல காலம். நிலம் சும்மா கிடக்கும், உரம் போட்டு நாளாகியிருக்கும். மேலே சொன்ன படத்தில் தனித்தனி மண்ணாகத் தெரியும் ஒவ்வொரு பகுதிக்கும் தனி மாதிரி எடுக்க வேண்டும். மொத்த வயலையும் கலந்து ஒரே பொட்டலம் கட்டிக் கொடுத்தால் வருகிற சராசரி எந்தப் பகுதிக்கும் பொருந்தாது.

எடுக்கும் முறை: வரப்போரம், மரத்தடி, எருக்குழி அருகு, வாய்க்கால் ஓரம் வேண்டாம். மற்ற இடத்தில் பத்துப் பதினைந்து புள்ளிகளில் மேல் சருகை ஒதுக்கிவிட்டு, மண்வெட்டியால் ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டுங்கள். நெல், கடலை போன்றவற்றுக்கு 15 செ.மீ. ஆழம் போதும். குழியின் சரிவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக மண்ணைச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுக் கலக்கவும். வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிட்டு, மீண்டும் பிரித்து, அரை கிலோ வரும்வரை இப்படியே செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப் பையில் கட்டிப் பெயர், சர்வே எண், அடுத்துப் போடப்போகும் பயிர் எழுதிய சீட்டையும் போட்டுவிடுங்கள்.

இதை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுக்கலாம். காரைக்குடியைச் சுற்றி இருப்பவர்களுக்கு அது சாக்கோட்டை வட்டாரம். மண்வள அட்டைத் திட்டம் 2015ல் வந்தது. அதில் தழை, மணி, சாம்பல் சத்துகளோடு கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம் என 12 விவரங்கள் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அங்ககக் கரிமம். செம்மண்ணில் அது குறைவாகவே இருக்கும், குறைவாக இருந்தால் தண்ணீரையும் உரத்தையும் மண் பிடித்து வைக்காது. எவ்வளவு துல்லியமாகக் கொடுத்தாலும் கீழே இறங்கிப் போய்விடும்.

அதனால்தான் நான் எந்தக் கருவிக்கும் முன்னால் கண்மாய் வண்டலைச் சொல்வேன். கோடையில் கண்மாய் வற்றியிருக்கும்போது வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் வண்டல் மண்ணை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்; ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும்தான் நம் செலவு. அள்ளும் முன் அந்த வண்டலிலும் ஒரு பொட்டலம் சோதனைக்குக் கொடுத்து உப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மேலே வரைந்த படத்தில் சரளைப் பகுதிக்கு அதிகமாகவும் ஆழமான மண்ணுக்குக் குறைவாகவும் கொட்டினால் அதுவே துல்லியப் பண்ணையம்.

தண்ணீருக்கு ஒரு உப்பு அளவுப் பேனா வாங்குங்கள். வீட்டுக் குடிநீர் சுத்திகரிப்புக் கருவிக்காரர்கள் கொண்டுவருவார்களே, அதே மாதிரிதான், ஆனால் மின் கடத்துதிறனை மைக்ரோசீமென்ஸில் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் 700 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இருந்தால் பாசனத்துக்குக் கவலையில்லை. 700 முதல் 3,000 வரை என்றால் பயிரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 3,000 தாண்டினால் பெரும்பாலான காய்கறிக்கு ஆகாது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை, கோடை நடுவில் ஒரு முறை பாருங்கள். ஒரே போரில் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் வரும்.

இனி முதல் பத்தியில் கேட்ட கேள்வி. 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை மோட்டார் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்து, தண்ணீர் சீராக வரத் தொடங்கிய பிறகு குழாயை டிரம்முக்குள் திருப்பி, செல்போனில் வினாடி பாருங்கள். 40 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் என்பது 4,047 லிட்டர். ஆக, அந்த மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய நாலரை மி.மீ. மழை பெய்த மாதிரி. பங்குனியில் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள், நிலத்தடி நீர் இறங்கியிருந்தால் 40 வினாடி 60 ஆகியிருக்கும்.

மழைமானி தனியாக வாங்க வேண்டியதில்லை. அடியும் வாயும் ஒரே அகலமான, நேர் சுவருள்ள எந்த டப்பாவும் போதும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் கம்பத்தில் கட்டி, காலையில் அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். சிவகங்கை மாவட்டத்தில் மழை ஒரே சீராகப் பெய்வதில்லை. தேவகோட்டையில் கொட்டும், கானாடுகாத்தானில் தூறல்கூட இருக்காது. காரைக்குடியில் இத்தனை செ.மீ. என்று செய்தியில் வருவதை நம்பி உங்கள் மோட்டாரை நிறுத்தாதீர்கள்.

சொட்டு நீர்: டம்ளரை எடுத்துக்கொண்டு நடங்கள்

பட்ஜெட்டில் துல்லியப் பண்ணையம் என்றால் காய்கறி, வாழை, தென்னைக்குச் சொட்டு நீர்தான் நடுத்தூண். மானியத்தில் கிடைக்கிறது, கண்ணுக்கு முன்னால் பலன் தருகிறது. ஆனால் போட்டுவிட்டால் போதும் என்று விட்டுவிடுகிற தோட்டங்களே அதிகம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் கணக்கு. கத்தரிக்கு நாலு அடிக்கு ஒரு லேட்டரல் (வரிசையோடு ஓடும் சின்னக் குழாய்), லேட்டரலில் இரண்டு அடிக்கு ஒரு டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் வாய்) என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. எட்டால் வகுத்தால் 5,445 டிரிப்பர். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் என்றால் மணிக்கு 21,780 லிட்டர் வேண்டும். நம் மோட்டாரோ 18,000 லிட்டர்தான் தருகிறது. ஒரே வால்வில் மொத்த ஏக்கரையும் திறந்தால் முன் வரிசை குடிக்கும், கடைசி வரிசை காயும். அரை அரை ஏக்கராக இரண்டு வால்வு வைக்க வேண்டும், அல்லது மணிக்கு 2 லிட்டர் டிரிப்பர் கேட்க வேண்டும். நிறுவனத்து ஆள் வரைபடம் போட்டுக் கொண்டுவரும்போது இந்தக் கணக்கை அவர் முன்னாலேயே போட்டுப் பாருங்கள். நல்ல ஆளாக இருந்தால் சந்தோஷப்படுவார்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நேரம் கிடைக்கும். 4 லிட்டர் டிரிப்பர் ஒரு மணி நேரம் ஓடினால் அந்தப் பாத்திக்கு 5.4 மி.மீ. போகிறது. நன்கு வளர்ந்த காய்கறிப் பயிர், பங்குனி சித்திரை வெயிலில் நாளொன்றுக்குத் தோராயமாக 5, 6 மி.மீ. குடிக்கும். ஐப்பசி கார்த்திகை மேகமூட்டத்தில் 3 மி.மீ. சுற்றித்தான். நாற்று நட்ட புதிதில் இன்னும் குறைவு. அதாவது உச்சிக் கோடையிலேயே ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஓடினால் போதும். மும்முனை மின்சாரம் இருக்கும்வரை ஓடட்டும் என்று மூன்று மணி நேரம் விடுகிற தோட்டத்தில் மிச்சத் தண்ணீர் வேருக்குக் கீழே போகிறது, போகும்போது யூரியாவையும் கூட்டிக்கொண்டு போகிறது. மின்சாரம் இலவசம் என்பதால் இந்த நஷ்டம் பில்லில் தெரியாது. உரக் கடைக் கணக்கில் தெரியும்.

கணக்கு சரியா என்று கம்பியைக் கேளுங்கள். பாசனம் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து டிரிப்பருக்கு அரை அடி தள்ளிக் குத்திப் பாருங்கள். கத்தரி, மிளகாய்க்கு ஒரு அடி இறங்கினால் போதும். இரண்டு அடி சுலபமாக இறங்கினால் நேரத்தைக் குறையுங்கள். சரளை மண்ணில் தண்ணீர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே இறங்கும். அங்கே ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் விடுவதைவிடக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி விடுவது நல்லது.

இனி டம்ளர் சோதனை. ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்தே ஆக வேண்டும். ஒரு வால்வுப் பகுதியில் நான்கு லேட்டரலைத் தேர்ந்தெடுங்கள்: தலைப்பில் ஒன்று, நடுவில் இரண்டு, கடைசியில் ஒன்று. ஒவ்வொரு லேட்டரலிலும் ஆரம்பம், மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, கடைசி என்று நான்கு டிரிப்பர். மொத்தம் 16. டிரிப்பருக்குக் கீழே மண்ணைக் கொஞ்சம் தோண்டி டம்ளரை வைத்து, சரியாக 3 நிமிடம் பிடியுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் அளவுக் குவளையில் ஊற்றி மி.லி. எழுதுங்கள். 4 லிட்டர் டிரிப்பர் 3 நிமிடத்தில் 200 மி.லி. தர வேண்டும்.

தோட்டம் பார்ப்பவர், “எல்லாம் சொட்டுதுண்ணே, பாத்தாலே தெரியுதுல்ல” என்பார். சொட்டுவது வாஸ்தவம். ஆனால் 200 மி.லி. சொட்டுவதும் 110 மி.லி. சொட்டுவதும் கண்ணுக்கு ஒன்று போலத்தான் இருக்கும்.

16 அளவையும் கூட்டிச் சராசரி எடுங்கள். குறைந்த நான்கு அளவுகளுக்குத் தனியாகச் சராசரி எடுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 90க்கு மேல் வந்தால் பிரமாதம். 80க்குக் கீழே வந்தால் வேலை இருக்கிறது. உதாரணத்துக்கு மொத்தச் சராசரி 190, குறைந்த நான்கின் சராசரி 140 என்றால் 74 சதவீதம். காய்ந்த செடியைப் பார்த்துவிட்டு நேரத்தைக் கூட்டத் தோன்றும், அங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள். நேரத்தைக் கூட்டினால் நன்றாகக் குடிக்கிற செடிக்குத்தான் அதிகம் போகும்.

குறைவானவை எல்லாம் லேட்டரல் கடைசியில் இருந்தால் முனையைத் திறந்துவிட்டுக் கலங்கல் தெளியும்வரை அலசுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குறைவென்றால் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். தட்டுகளைப் பிரித்துப் பிரஷ் போட்டுத் தேய்த்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். டிரிப்பர் வாயில் வெள்ளைப் படிவு இருந்தால் சுண்ணாம்பு உப்பு, அதற்கு அமிலச் சுத்தம். வழவழப்பான பாசி போல இருந்தால் குளோரின். இரண்டையும் ஒரே நேரத்தில் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். அமிலம் கரைக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல. கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரையும் இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். முதல் முறை நிறுவனத்து ஆளை வைத்தே செய்து பழகுங்கள்.

உரத்துக்கு வெஞ்சுரி என்ற சின்னக் கருவி போதும். மின்சாரம் வேண்டாம், அழுத்த வித்தியாசத்தால் வாளியிலிருந்து கரைசலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். விலை உயர்ந்த தானியங்கி உரக் கருவி ஒன்றிரண்டு ஏக்கருக்குத் தேவையே இல்லை. முதலில் வெறும் தண்ணீர், நடுவில் உரம், கடைசிப் பத்து நிமிடம் மறுபடி வெறும் தண்ணீர். கடைசித் தண்ணீரை விட்டுவிட்டால் உரம் குழாயிலேயே தங்கி டிரிப்பரை அடைக்கும். வாரம் ஒரு முறை கொஞ்சமாகக் கொடுப்பது, மாதம் ஒரு முறை அள்ளிக் கொடுப்பதைவிடச் செம்மண்ணுக்குப் பொருத்தம்.

நெல் போடுகிறவர்களுக்கு இரண்டு பொருள்

முதலாவது இலை வண்ண அட்டை. பச்சையின் வெவ்வேறு அடர்த்தியில் எண் போட்ட பட்டைகள் கொண்ட பிளாஸ்டிக் அட்டை. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியே பரவியது. யூரியா எப்போது வேண்டும் என்பதைப் பயிரிடமே கேட்டுச் சொல்லும். நடவு செய்த 14ஆம் நாளிலிருந்து, நேரடி விதைப்பென்றால் 21ஆம் நாளிலிருந்து, பூ எடுக்கும்வரை வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். காலை 8லிருந்து 10 மணிக்குள், ஒரே ஆள், சூரியனுக்கு முதுகு காட்டி உங்கள் நிழலில் இலை விழும்படி நின்று பாருங்கள். நன்கு விரிந்த மேல் இலையின் நடுப்பகுதியை, இலையைப் பறிக்காமல் அட்டையில் வைத்து ஒப்பிட வேண்டும். பத்துக் குத்தில் ஆறோ அதற்கு மேலோ வரம்புக்குக் கீழே இருந்தால் உரம் போடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு வரம்பு 3, மற்ற ரகங்களுக்கு 4. மழைக்காலப் பயிருக்கு ஒரு தடவைக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ தழைச்சத்து என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கர் கணக்கில் அது சுமார் 26 கிலோ யூரியா. ஆறுக்குக் குறைவாக இருந்தால் அந்த வாரம் மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அடித்துப் பெய்யும் வாரத்தில் போட்ட யூரியா கலுங்கு வழியே பக்கத்துக் கண்மாய்க்குப் போவதைவிட மூட்டையில் இருப்பது மேல்.

இரண்டாவது நீர்மட்டக் குழாய். 40 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் உள்ள பிவிசி குழாய்த் துண்டில் கீழ்ப் பாதி முழுக்க ஓட்டை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் போகும்படி வயலில் நட்டு, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிடுங்கள். குழாய்க்குள் தெரியும் மட்டம்தான் வயலின் உண்மையான நீர்மட்டம். தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு 5 செ.மீ. நிற்கும்படி தண்ணீர் கட்டினால் போதும். நம் மண் சீக்கிரம் வடியும் மண் என்பதால் முதல் போகத்தில் 10 செ.மீ.யிலேயே கட்டிவிடுங்கள், தைரியம் வந்த பிறகு 15க்குப் போகலாம். பூக்கும் சமயத்தில் இந்த விளையாட்டு வேண்டாம், தண்ணீர் நிற்கட்டும்.

ஆனால் இது கிணறோ போரோ உள்ளவர்களுக்குத்தான். கண்மாய்ப் பாசனத்தில் மடை திறக்கும் முறையை ஊரும் நீர்பாய்ச்சியும் முடிவு செய்கிறார்கள். உங்கள் குழாய் காட்டும் மட்டத்துக்காக முறை மாறாது. முறைத் தண்ணீரோடு கடைசியில் போர்த் தண்ணீர் சேர்த்துக் கட்டுகிறவர்கள், போரை எப்போது தொடங்குவது என்று தெரிந்துகொள்ள இந்தக் குழாயை வைத்துக்கொள்ளலாம்.

பூச்சி

மருந்து அடிக்கும் முன் எண்ணுங்கள், அவ்வளவுதான். இனக்கவர்ச்சிப் பொறியும் மஞ்சள் ஒட்டுப் பொறியும் மலிவு. எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுதினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். நெல் தண்டுத் துளைப்பானுக்குச் சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல் அல்லது பத்து சதவீதக் குருத்துக் காய்தல் என்பது வரம்பு; அதற்குக் கீழே இருந்தால் காத்திருக்கலாம். மயிலுக்கு வரம்பு எதுவும் கிடையாது, அதை எண்ணிப் பயனில்லை.

அடுத்த கட்டம்: எதை வாங்கலாம், எதை வாடகைக்கு எடுக்கலாம்

ஒரு போகம் நோட்டு எழுதி முடித்த பிறகு இந்தப் பகுதிக்கு வாருங்கள்.

ஈரப்பதம் காட்டும் கருவிகளில் எளிமையானது, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உருவாக்கிய மண் ஈரங்காட்டி. மண்ணில் குத்தினால் நீலம், பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என விளக்கு எரியும். நீலம் என்றால் தாராளமாக ஈரம், சிவப்பு என்றால் உடனே பாசனம். எண் தெரியாதவரும் பார்க்கலாம், செல்போன் வேண்டாம், ஒன்றை வைத்துத் தோட்டம் முழுக்கச் சோதிக்கலாம். புதியவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

மின்னணுப் பலகையும் சென்சாரும் வாங்கித் தானே செய்து பார்க்க நினைக்கும் இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முட்கரண்டி மாதிரி இரண்டு உலோகக் கால் உள்ள மலிவுச் சென்சாரை வாங்க வேண்டாம். ஈர மண்ணில் மின்சாரம் பாய்ந்ததும் கால்கள் அரித்துப்போய்ச் சில வாரத்தில் பொய் சொல்ல ஆரம்பிக்கும். 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற காரைக்குடியில் இதை விளக்க வேண்டியதில்லை. மின்தேக்க வகைச் (capacitive) சென்சார் வாங்குங்கள், அதுவும் சில நூறு ரூபாய்தான். அதன் மேல்முனையில் இருக்கும் மின்னணுப் பாகத்தை எப்பாக்சி பூசி மூடுங்கள். அடுப்பில் உலர்த்திய உங்கள் வயல் மண்ணில் ஒரு முறை, நன்றாக நனைத்து வடித்த அதே மண்ணில் ஒரு முறை வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விற்றவர் சொல்லும் எண் உங்கள் சரளைச் செம்மண்ணுக்குப் பொருந்தாது.

செல்போனில் மோட்டார் போடும் கருவி, காரைக்குடியில் வீடும் பத்து மைல் தள்ளித் தோட்டமும் உள்ளவர்களுக்கு நிஜமாகவே உதவும். வேளாண்மைப் பொறியியல் துறையில் இதற்கு மானியம் உண்டு, தொகையை அந்தந்த ஆண்டு கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் தானே நிற்கும் வசதி, ஒரு முனை மின்சாரம் போனால் நிற்கும் வசதி, நேரம் வைத்து நிறுத்தும் வசதி மூன்றும் இருக்க வேண்டும். வாங்கும் முன் மோட்டார் கொட்டகைக்குள் நின்று எந்த நிறுவனத்துச் சிம்முக்குச் சிக்னல் வருகிறது என்று பாருங்கள்.

செயற்கைக்கோள் படம் இலவசம். ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஐந்து நாளுக்கு ஒரு முறை ஒரே இடத்தைப் படம் எடுக்கின்றன. ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், ஆக ஒரு ஏக்கருக்கு நாற்பது புள்ளிதான். தென்னந்தோப்பு, கரும்பு போன்ற பெரிய பரப்புக்கு எந்த மூலை வாடுகிறது என்று காட்டும். முப்பது சென்ட் கத்தரிக்கு நடந்து பார்ப்பதே நல்லது. ஐப்பசியில் மேகம்தான் தெரியும்.

டிரோன் வாங்காதீர்கள். ஓட்ட உரிமம் வேண்டும், பேட்டரி தேயும், ஆண்டில் சில நாள்தான் வேலை. சேற்றில் இறங்க முடியாத நெல் வயலுக்கு வாடகைக்கு எடுங்கள். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 200 லிட்டர் கலவை போகும் இடத்தில் டிரோன் சுமார் 10 லிட்டரில் முடிக்கும். துளி மிகச் சின்னது என்பதால் காற்றடிக்கும் நேரத்தில் பக்கத்து வயலுக்குப் போகும். காலையிலேயே முடிக்கச் சொல்லுங்கள். அரசு இயந்திரங்களை வாடகைக்குப் பதிவு செய்ய உழவன் செயலியிலேயே வழி இருக்கிறது. வானிலைக்கு மேகதூத் செயலி, மாவட்டத்துக்கான வேளாண் ஆலோசனை செவ்வாயும் வெள்ளியும் வரும்.

மானியமும் காகிதமும்

சொட்டு நீருக்கு 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்பது தமிழ்நாட்டு மானியம். அரசு நிர்ணயித்த அலகு விலைக்குத்தான் அந்தச் சதவீதம். அதற்கு மேல் கேட்கும் கூடுதல் பொருளுக்கு நாம் கட்ட வேண்டும். காய்கறி, பழம், தென்னை என்றால் தோட்டக்கலைத் துறை, கரும்பு, கடலை, பயறு என்றால் வேளாண்மைத் துறை. சிட்டா, அடங்கல், நில வரைபடம், ஆதார், வங்கிக் கணக்கு, வட்டாட்சியர் தரும் சிறு குறு விவசாயி சான்று, மண், தண்ணீர் பரிசோதனை முடிவு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு முறை மானியம் வாங்கிய அதே நிலத்துக்கு மறுபடி வாங்க 7 ஆண்டு ஆக வேண்டும், அதனால் வடிவமைப்பில் அவசரப்படாதீர்கள்.

நம் பக்கத்தில் இந்த இடத்தில் வண்டி நிற்பது பெரும்பாலும் கூட்டுப் பட்டாவில்தான். பெயர் இன்னும் ஐயா காலத்துப் பெயராக இருக்கும், பங்காளிகளில் ஒருவர் பெங்களூரில், ஒருவர் மலேசியாவில் இருப்பார். உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்குவதற்கே ஒரு போகம் ஓடிவிடும். ஆகவே மண் பரிசோதனைக்குப் பொட்டலம் கட்டும் அதே மாதத்தில் பட்டா வேலையையும் தொடங்கிவிடுங்கள். தெய்வ காரியத்துக்கோ கல்யாணத்துக்கோ பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வரும் சமயம் கையெழுத்துக்குத் தோது.

பயிர் சார்ந்த சந்தேகங்களுக்குக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையம், மானாவாரிக்குச் செட்டிநாட்டில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வறண்ட நில ஆராய்ச்சி நிலையம், உளுந்து, துவரை போன்ற பயறு வகைகளுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் தேசியப் பயறு வகை ஆராய்ச்சி மையம் எல்லாம் போய்வரும் தூரத்தில்தான் இருக்கின்றன. போகும்போது நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். “செடி வாடுது சார்” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “மூன்றாம் வால்வில் நாளுக்கு 4 மி.மீ. கொடுக்கிறேன், தண்ணீரில் உப்பு 1,400, கம்பி எட்டு அங்குலம் இறங்குகிறது” என்று சொன்னால் எதிரில் இருப்பவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுவார்.

சொட்டு நீர் அமைத்துக் கொடுத்த நிறுவனம் பணி நிறைவுச் சான்றில் கையெழுத்துக் கேட்கும்போது ஒரு நிமிடம் பொறுங்கள். மேலே சொன்ன 16 டம்ளர் சோதனையை அவர்கள் ஆள் இருக்கும்போதே செய்து, 90க்குக் கீழே வந்தால் சரிசெய்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பில், உத்தரவாத அட்டை, பராமரிப்புக்கு அழைக்க வேண்டிய எண் மூன்றையும் நோட்டின் பின் அட்டையில் ஒட்டிவிடுங்கள்.